வேண்டாம் என்றார் காளிமுத்து

இத்தாலி எனக்கு விசா தரவில்லை. ஒரு தாளில் வரிசையாகக் கட்டங்கள் அச்சடித்து, அதில் ஒன்றில் மட்டும் டிக் அடித்து அனுப்பியிருந்தார்கள். நான் ஊர் திரும்புவேன் என்று அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லையாம். கோயம்புத்தூர் கணபதியில் நாலு லேத், ஆறு ஆள், சர்க்கரை வியாதி, கல்லூரியில் படிக்கிற மகள், இத்தனையையும் விட்டுவிட்டு நான் நேபிள்ஸில் போய் ஒளிந்துகொண்டு என்ன செய்யப்போகிறேன்? பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் 'காபி குடிக்க' என்று எழுதியதுதான் தப்பு என்றாள் என் மனைவி. சர்ச் பார்க்க என்று எழுதியிருந்தால் கொடுத்திருப்பார்களாம்.

காபி என்றால் எனக்குப் பைத்தியம். பழைய இத்தாலிய மெஷின் ஒன்றைக் காயலான் கடை விலைக்கு வாங்கி, வாஷர் முதல் வால்வு வரை நானே கடைந்து போட்டு, பட்டறையில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். குடித்த காபியைப் பற்றியெல்லாம் முகநூலில் எழுதுவேன். நாலு பேர் 'அருமை' என்று போடுவார்கள். அந்த நாலு 'அருமை'க்காக எதையும் எழுதுகிற ஆள் நான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சிராஜ் என் கல்லூரி அறைத்தோழன். கீழக்கரைக்காரன். துபாய் தேராவில் செல்போன் உறையும் சார்ஜரும் விற்கும் கடை வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவனிடம் போனில் புலம்பினேன்.

“இத்தாலிக்கு எதுக்குடா போற? அவன் மெஷின் இங்க இருக்கு, அவன் கொட்டை இங்க இருக்கு, அவனே பாதிப் பேரு இங்கதான் இருக்கான். பேசாம இங்க வந்து சேரு மாப்ள. விசா நான் எடுக்குறேன்” என்றான்.

மூன்றே நாளில் விசா வந்தது. எதற்கு வருகிறாய் என்று யாரும் கேட்கவே இல்லை.

முதல் நாளே சிராஜ் என்னை ஒரு பெரிய ஹோட்டலுக்கு அழைத்துப் போனான். கபுச்சினோவின் நுரை மேல் தங்கத்தாள் ஒட்டிக் கொண்டுவந்து வைத்தார்கள். நிஜத் தங்கம். மணி மாலை நாலு. பதினோரு மணிக்கு மேல் கபுச்சினோ கேட்டால் இத்தாலிக்காரன் நம்மை நோயாளியைப் பார்ப்பது போலப் பார்ப்பான் என்று நான் படித்திருக்கிறேன். இங்கே நாலு மணிக்குத் தங்கத்தோடு குடிக்கிறார்கள். தங்கத்துக்கு ருசி கிடையாது. பல்லில் ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

“முழுசா குடிடா. நாளைக்குக் காலைல சேதாரமில்லாமத் திரும்பக் கெடைக்கும்” என்றான் சிராஜ். அவன் காபி குடிப்பதில்லை. கடை வாசலில் காருக்குள் உட்கார்ந்தபடியே ஹாரன் அடித்து வாங்குகிற கரக் டீதான் அவனுக்கு அமிர்தம். ஏலக்காயும் டின் பாலும் சேர்த்துக் காய்ச்சி எடுத்த அந்தத் திரவத்தை ஒரு நாளைக்கு ஆறு குவளை குடிக்கிறான்.

இரண்டாம் நாள் மூன்று கடை ஏறி இறங்கினேன். மூன்றுக்கும் இத்தாலியப் பெயர். ஒன்றில் எஸ்பிரெஸோவைக் காகிதக் குவளையில் கொடுத்து மூடியும் போட்டார்கள். ஒன்றில் பிஸ்தா பாகு சேர்க்கட்டுமா என்றார்கள். மூன்றாவதில் 'சின்னதா, நடுத்தரமா, பெரிசா' என்று கேட்டார்கள். எஸ்பிரெஸோவில் பெரிசு என்று ஒன்று உண்டா? இரண்டு மடக்குத்தான் எஸ்பிரெஸோ. கூடவே ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையில் தண்ணீர் வைப்பார்கள். அதை முதலில் குடித்து வாயைக் கழுவிக்கொண்டு, கவுண்டரில் நின்றபடியே காபியைக் குடித்துவிட்டு, போட்டவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டும். இதற்கு நாற்காலியும் வேண்டாம், வைஃபையும் வேண்டாம். எங்கள் கோயம்புத்தூர் பேக்கரி வாசலில் நாங்கள் பரம்பரையாக இப்படித்தான் குடிக்கிறோம். இதைப் பார்க்க நான் கடல் தாண்டி வந்ததும் ஒரு கூத்துதான்.

மூன்றாம் நாள் சிராஜுக்குக் கடையில் வேலை. தனியாக அல் கூஸுக்குக் கிளம்பினேன். கிடங்குகளுக்கு நடுவே நல்ல காபி வறுக்கிறார்கள் என்று யாரோ எழுதியிருந்தார்கள். பஸ்ஸில் ஏறி முன்பக்கம் காலியாக இருந்த சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்தேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, “பாய், பீச்சே! லேடீஸ்!” என்று சத்தம் போட்டார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எழுந்து பின்னால் போன அவமானத்தில் இறங்க வேண்டிய இடத்தைத் தவற விட்டேன்.

இரண்டு நிறுத்தம் திரும்பி நடந்தேன். அக்டோபர் என்றுதான் பெயர், வெயில் நம்ம சித்திரையை விட மோசம். மார்பிள் அறுக்கிற சத்தம், டயர் கடை, ஜன்னலுக்குக் கம்பி போட்ட வேலையாள் பஸ்கள், மாடிக் கம்பியில் காயும் நீலச் சட்டைகள். ஒரு பட்டறையில் லேத் ஓடுகிற சத்தம் கேட்டு அங்கேயே நின்றுவிட்டேன். டூல் மழுங்கிப் போயிருந்தது, சத்தத்திலேயே தெரிந்தது. அதற்கு அடுத்த கிடங்கிலிருந்துதான் காபி வாசனை வந்தது.

உள்ளே ஏசி. நீளமான ஒரு கவுண்டர், பின்னால் நெம்புகோல் வைத்த இத்தாலிய மெஷின். நாற்காலி ஒன்றுகூட இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறைதான். மெஷினுக்குப் பின்னால் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், கறுப்பு ஏப்ரன், நெற்றியில் தேடினால் தெரிகிற அளவு திருநீறு. நான் ஆங்கிலத்தில் எஸ்பிரெஸோ கேட்டேன். என் ஆங்கிலத்தைக் கேட்டதுமே அவர் சிரித்துவிட்டார்.

“தண்ணிய மொதல்ல குடிங்கண்ணே. இந்தா வந்துருச்சு.”

பெயர் காளிமுத்து. கமுதிப் பக்கம். காபி இறங்கியதும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, எனக்குத் தராமல் அப்படியே சிங்கில் கொட்டினார்.

“ஏனுங்க, நல்லாத்தானே இருந்துச்சு?” என்றேன்.

“இல்லண்ணே, எறங்க நேரமாயிருச்சு. நீங்க வரைல கதவு தொறந்து வெளிக்காத்து அடிச்சுச்சுல்ல, பொடி ஈரத்த இழுத்துருச்சு.” அரவை மெஷினில் ஒரு பல் மட்டும் திருப்பினார். மறுபடி அரைத்து, அழுத்தி, நெம்புகோலை இறக்கிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இருபத்தேழு நொடி.

அந்தக் காபியைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இப்போது யோக்கியதை இல்லை. நான் குடித்ததிலேயே அதுதான் நல்ல காபி. அவ்வளவு போதும்.

வேறு யாரும் இல்லாத நேரம். கவுண்டரில் சாய்ந்து அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். முதலாளி வேறு ஆள், கடையைப் பார்த்துக்கொள்கிற ஸ்டெஃபானோ நேபிள்ஸ்காரர். காளிமுத்து இங்கே வந்தது காபி போட இல்லை.

“தரை தொடைக்க வந்தவன்ணே. கிளீனிங் கம்பெனி அனுப்புன ஆளு. மாப்பு போட்டுக்கிட்டே பாத்துக்கிட்டு நிப்பேன். ஒருநா இவருகிட்ட இருந்த பையன் வேலைய விட்டுப் போயிட்டான். கூட்டம் நெரிச்சுச்சு. 'நீ போடு'ன்னாரு. ஆச்சு ரெண்டு வருசம்.”

“அப்புறம் என்னங்க, இப்ப நீங்க காபி போடற பாரிஸ்டா.”

“பேப்பர்ல இன்னும் தொடைக்கிறவன்தான். கம்பெனி ரிலீஸ் குடுக்கணும். குடுத்துட்டா இவுக விசா எடுத்து, தொழில்ங்கிற எடத்துல பாரிஸ்டான்னு அடிச்சுத் தர்றேன்னுருக்காக. அடுத்த மாசம் ஆயிரும்.” அதைச் சொல்லும்போது முகம் மலர்ந்துபோய் இருந்தது. சம்பளம் எவ்வளவு கூடும் என்று அவர் சொல்லவில்லை. தொழில் என்ற இடத்தில் என்ன அடித்திருக்கும் என்பதைத்தான் இரண்டு தரம் சொன்னார்.

நான் செல்போனை எடுத்தேன்.

“போட்டா வேணாம்ணே.”

“சும்மா ஒண்ணு. நாலு பேரு தெரிஞ்சுக்கட்டும். நம்மூர்க்காரர் இத்தாலிக்காரனுக்கே காபி போடறாருன்னா சும்மாவா?”

“வேணாம்ணே. பேரெல்லாம் எழுதாதீக. பேப்பரு வரட்டும், அடுத்த தரம் வாங்க, எடுத்துக்கிருவோம்.”

எங்கள் ஊரில் முதல் வேண்டாமுக்கு மதிப்பே கிடையாது. பந்தியில் இலையைக் கையால் மறைத்தால் விரல் இடுக்கில் பாயசத்தை ஊற்றுகிறவர்கள் நாங்கள். மாலை போட வந்தால் வேண்டாம் என்று தலையை நகர்த்துவதும், பிறகு குனிந்து கொடுப்பதும்தான் மரியாதை. வேண்டாம் என்று சொன்னதும் விட்டுவிட்டுப் போகிறவனை, ஒப்புக்குக் கேட்டான் என்று பேசுவார்கள். காளிமுத்துவும் கூச்சப்படுகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. கிராமத்து மனுஷர், அடக்கம், அதனால் சொல்கிறார். இன்னொரு தடவை வற்புறுத்தினேன். அவர் என்னைவிட வயதில் சின்னவர், கவுண்டருக்கு அந்தப்பக்கம் நிற்கிறவர். வாடிக்கையாளரிடம் மூன்றாவது தடவையும் எப்படி மறுப்பார்? நெம்புகோலில் கையை வைத்தபடி நின்றார். எடுத்தேன்.

அன்று மாலையே எழுதிவிட்டேன். தமிழில் ஒன்று, கடையின் முகநூல் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒன்று. பெயர், ஊர், படம் எல்லாம் போட்டு. 'தரை துடைக்க வந்த இந்தக் கை இரண்டு ஆண்டுகளாக இந்த மெஷினோடு பேசிக்கொண்டிருக்கிறது' என்று ஒரு வரி. அந்த வரி வந்ததும் எனக்கே புல்லரித்தது. நாலு பேர் அல்ல, இந்தத் தடவை நானூறு பேர் 'அருமை' போட்டார்கள். யார் யாரோ பகிர்ந்தார்கள்.

நான்காம் நாள் முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டே கழிந்தது. ஐந்தாம் நாள் சிராஜ் புஜைராவுக்குச் சரக்கு கொடுக்கப் போனான். கூடப் போனேன். மலைகள் ஒரு செடி கொடி இல்லாமல், வெந்து தணிந்த செங்கல் சூளை போல நின்றன. வழியில் பெட்ரோல் பங்கில் பட்டனை அமுக்கினால் கபுச்சினோ என்று ஒன்று வழிந்தது. அதைக் கீழே ஊற்றிவிட்டு, என் பெருமையை அவனுக்குப் படித்துக் காட்டினேன்.

சிராஜ் வண்டியை ஓரம் கட்டினான்.

“அவன் எந்த விசால இருக்கான்?”

“கிளீனிங் கம்பெனி விசா. அடுத்த மாசம் மாறுதாம்.”

“மாறுறதுக்கு முன்னாடியே பேரு போட்டு, போட்டாவும் போட்டு, ரெண்டு வருசமா இந்த வேலதான் பாக்குறான்னு ஊருக்கெல்லாம் எழுதிட்டியா? அடப்பாவி. இங்க தொடைக்கிறவன்னு விசா இருந்தா தொடைக்கணும். மிஷினத் தொட்டா குத்தம். கடைக்கும் அபராதம், கம்பெனிக்கும் அபராதம். இவன் கதை கலாஸ்.”

அங்கேயே இரண்டு பதிவையும் அழித்தேன். இத்தாலிக்காரன் ஒரு கட்டத்தில் டிக் அடித்ததற்கு வீட்டில் மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தவன் நான். ஒரு தாளில் ஒரு வார்த்தை மாறினால் மனுஷன் என்ன ஆவான் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் வாய்விட்டுச் சொன்னார். என் காதிலும் விழுந்தது. என் பெருமைதான் எனக்குப் பெரிதாகப் போய்விட்டது.

ஆறாம் நாள் காலையில் அல் கூஸ் போனபோது மெஷினுக்குப் பின்னால் ஸ்டெஃபானோ நின்றிருந்தார். நரைத்த தாடி, சிவந்த கண். முகநூலில் என் படத்தைப் பார்த்திருக்கிறார் போல. ஒன்றும் கேட்காமல் ஒரு எஸ்பிரெஸோ போட்டு நகர்த்தினார். வெளிக்காற்று உள்ளே வர ஷட்டர் திறந்தே கிடந்தது. காபி கசந்தது. காபிப் பைத்தியங்கள் நாங்கள் சொல்கிற நல்ல கசப்பு அல்ல, கருகிய கசப்பு. மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

“முந்தாநாள் அவன் கம்பெனி ஆள் வந்தான். நீங்கள் எடுத்த படத்தை அச்சடித்துக் கொண்டுவந்தான். நான் என்னென்னவோ சொன்னேன், கேட்காமல் அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டான்” என்றார் ஆங்கிலத்தில். கொஞ்ச நேரம் கவுண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். “என் முதலாளி பயந்துவிட்டார். இனி அந்தப் பையனுக்கு விசா எடுக்க மாட்டாராம். எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று அவனைத் தேற்ற. குடித்தாயிற்றா? காசு வேண்டாம், போய்விடுங்கள்.”

கம்பெனி அலுவலகம் நாலு தெரு தள்ளித்தான். சிராஜைப் போன் போட்டு வரவழைத்து, கூட்டிக்கொண்டு போனேன். மேனேஜர் திருநெல்வேலிக்காரர். நம் ஆள் என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். மேஜை மேல் என் கட்டுரை அச்சடித்துக் கிடந்தது. அந்த ஒரு வரியின் கீழே மஞ்சள் கோடு.

“சார், தப்பா நினைக்காதீங்க. நல்லா எழுதியிருக்கீங்க. அதுதான் பிரச்சினையே” என்றார் அவர். “நாங்க கிளீனிங்குக்குத்தான் ஆள் குடுத்தோம். ரெண்டு வருஷமா மிஷின்ல நிக்கான்னு நீங்களே சாட்சி சொல்லுதீங்க. நாளைக்கு ஆபீசர்ஸ் வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்ல? ஊருக்கு அனுப்பச் சொல்லித்தான் மேல இருந்து சொல்லியிருக்காங்க.”

வேலையாட்கள் தங்குகிற கேம்ப்பிலிருந்து காளிமுத்துவை அழைத்து வந்தார்கள். நீலச் சட்டை. முதுகில் கம்பெனி பெயர். ஏப்ரன் இல்லாமல் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. என்னைப் பார்த்ததும், “வாங்கண்ணே” என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் கூனிக் குறுகிப் போனேன்.

“தம்பி, மன்னிச்சுக்கங்க. நீங்க சொல்லச் சொல்ல...”

“விடுங்கண்ணே. நீங்க நெனச்சு செஞ்சதா?” தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

சிராஜ் காளிமுத்துவிடம் வீட்டு நிலவரத்தை விசாரித்துவிட்டு, இருபது வருட துபாய்க்காரனாகப் பேசினான். முதலில் சண்டை போட்டான், பிறகு கெஞ்சினான். கமுதியில் இவரை நம்பி இரண்டு தங்கைகள் காலேஜில் படிக்கிறார்கள், இப்போது ஊருக்கு அனுப்பினால் திரும்பி வரவே முடியாது என்று அவன் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. நான் காபி பற்றி மட்டுமே கேட்டிருக்கிறேன். மேனேஜர் ரொம்ப நேரம் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வழி சொன்னார்.

“ஒண்ணு செய்யலாம். சார் எழுதினது தப்பு, விளையாட்டுக்கு மெஷின் பக்கத்துல நிக்க வச்சுப் போட்டோ எடுத்தாருன்னு சார் எழுதிக் குடுக்கட்டும். இவனும் எழுதிக் குடுக்கட்டும். மெஷினைத் தொட்டதில்லை, காபி போடத் தெரியாதுன்னு. ஃபைல்ல வச்சுட்டு இவனை துபாயை விட்டுத் தள்ளி அல் ஐன் சைட்டுக்கு மாத்திடுதேன். கிளீனிங்தான். விசா நிக்கும். இங்கிலீஷ்ல இருக்கணும்.”

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. “அவருக்கா காபி போடத் தெரியாது? இந்த ஊரிலேயே...” என்று ஆரம்பித்தேன். சிராஜ் என் கையை அழுத்திப் பிடித்தான். “நீ இதுவரைக்கும் பேசினது போதும் மாப்ள” என்றான்.

முதலில் என் கடிதத்தை எழுதினேன். நான் ஒரு பொய்யன் என்று எழுதுவது சுலபமாகத்தான் இருந்தது. பிறகு ஒரு வெள்ளைத்தாளைக் காளிமுத்துவின் பக்கம் நகர்த்தினேன். அவர் அதைத் திரும்ப என் பக்கமே நகர்த்தினார்.

“எனக்கு இங்கிலீஸ் எழுத வராதுண்ணே. நீங்களே எழுதிருங்க. நீங்கதான் நல்லா எழுதுவீகளே.”

குத்திக்காட்டினாரா என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் தெரியவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்துச் சொன்னார்.

எழுதினேன். ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொன்னார், சொன்னேன். நான் துப்புரவுத் தொழிலாளியாக மட்டுமே வேலை செய்தேன். சரி என்று தலையாட்டினார். காபி மெஷினை நான் தொட்டதே இல்லை. அதற்கும் தலையாட்டினார். எனக்குக் காபி போடத் தெரியாது என்றதும் என் கையின் மேல் தன் விரலை வைத்தார்.

“அத மட்டும் வேணாம்ணே. போட்டதில்லன்னு வேணும்னா எழுதுங்க. தெரியாதுன்னு வேணாம்.”

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மேனேஜரைப் பார்த்தேன்.

“தெரியாதுன்னுதான் இருக்கணும் சார்” என்றார் அவர். “தெரியும்னா நாளைக்கு இன்னொரு கடையில போய் நிப்பான்.”

காளிமுத்து விரலை எடுக்கவில்லை. சிராஜ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். கீழே அல் ஐன் வண்டி ஸ்டார்ட் செய்து நின்றது.

“வேணாம்ணே” என்றார் மறுபடியும், மெதுவாக.

அவருடைய விரலை நானே நகர்த்திவிட்டு அந்த வரியை எழுதினேன். அவர் வாங்கி, கீழே தமிழில் கையெழுத்துப் போட்டார்.